பிளவுஸ் தைத்து அனுப்பிய சேலையைத் திரும்ப வாங்க வேண்டுமா? பிரிட்டனில் இணையக் கடை நடத்துபவர்களுக்கு

கேள்வி, 2025 செப்டம்பர் 2

லண்டனில் இருந்து சேலை, பிளவுஸ், கவரிங் நகை இணையத்தில் விற்கிறேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று தளத்தில் போட்டிருக்கிறேன், கடை பில்லில் இருப்பது போலத்தான். ஒருவர் சேலை கைக்கு வந்து ஒன்பதாம் நாளில் "வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்கிறார். சேலையோடு வரும் பிளவுஸ் துணியை வெட்டி அவர் அளவுக்குத் தைத்துத்தான் அனுப்பினேன். புதுச் சட்டம் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று வேறு சொல்கிறார்கள். நான் கொடுத்தே ஆக வேண்டுமா?

2025 செப்டம்பர் 2, இரவு

எல்லாம் மாறிவிட்டது என்ற பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் வழக்குக்குப் பொருந்தும் விதி 2014 ஜூன் 13 முதல் நடப்பில் இருக்கிறது: 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள். அதற்கு முன்னால் 2000ஆம் ஆண்டின் தொலைவழி விற்பனை விதிகள் இருந்தன. அதில் ரத்து செய்ய ஏழு வேலைநாள். இப்போது 14 நாள், சனி ஞாயிறும் சேர்த்து. பொருள் கைக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து கணக்கு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த "திரும்பப் பெறப்படாது" வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நேரில் வந்து தொட்டுப் பார்த்து வாங்கியவருக்கு, பொருளில் குறை இல்லாதவரை, அப்படிச் சொல்லலாம். இணையத்தில் அது செல்லாது என்பதோடு நிற்கவில்லை, உங்களுக்கே வினையாகும். ரத்து உரிமை இருப்பதை முன்கூட்டியே தெரிவிக்காத கடைக்கு அந்த 14 நாள் மேலும் 12 மாதம் வரை நீள்கிறது. ஒன்பதாம் நாள் கேட்டாரே என்று வருத்தப்படுகிறீர்கள். அவர் அடுத்த ஆடித் தள்ளுபடி நேரத்தில் கேட்டாலும் கேட்கலாம்.

பிளவுஸ் விஷயம் தனியாக எழுத வேண்டியது. நாளை.

2025 செப்டம்பர் 3

வாடிக்கையாளர் சொன்ன அளவுக்கு அல்லது விவரத்துக்குச் செய்யப்பட்ட பொருளுக்கு ரத்து உரிமை இல்லை. ஆக, மார்புச் சுற்றளவு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் எழுதி வாங்கித் தைத்த பிளவுஸ் திரும்பி வராது. 36, 38, 40 என்று ஏற்கெனவே தைத்து அடுக்கி வைத்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அது வேறு. பட்டியலில் இருக்கும் அளவையோ நிறத்தையோ தேர்ந்தெடுப்பது தனக்கென்று செய்யச் சொன்னதாகாது. அந்த பிளவுஸ் 14 நாளுக்குள் திரும்பி வரலாம்.

சிக்கல் சேலையில்தான். பிளவுஸ் துணி சேலையின் நுனியிலேயே ஒட்டி வருகிறது. அதை வெட்டியபின் மிஞ்சும் ஐந்தரை மீட்டர், அவர் சொன்னபடி செய்த பொருளா, வழக்கமான பொருளா? என் கட்சி முந்தையது. அவர் கேட்டதால்தான் கத்தரி வைத்தீர்கள், பிளவுஸ் துணி இல்லாத பட்டுச் சேலையை அடுத்தவர் முழு விலைக்கு வாங்க மாட்டார். ஆனால் பில்லில் சேலைக்கு ஒரு வரி, தையலுக்கு ஒரு வரி என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு "இவை இரண்டு பொருள்" என்று வாதிடும். அந்த வாதத்திலும் வலு இருக்கிறது. அப்படித் தீர்ந்தால், வெட்டினது நீங்கள் என்பதால் மதிப்புக் குறைவு என்று ஒரு பென்னிகூடக் கழிக்க முடியாது. வாடிக்கையாளர் கையாண்டதால் வந்த குறைவுக்கு மட்டுமே கழிவு.

ஒட்டியிருக்கும் துணியில் தைக்கச் சொன்னால் சேலையும் பிளவுஸும் சேர்ந்து ஒரே தையல் செட், அது ரத்தாகாது என்று ஆர்டருக்கு முன்பே, தையலைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே எழுதுங்கள். உரிமை இல்லை என்றால் இல்லை என்பதையும் முன்கூட்டிச் சொல்லச் சட்டம் கேட்கிறது. ஒப்புதல் பெட்டி வைத்தால் டிக் போடாமல் வையுங்கள், அவரே போடட்டும்.

இன்னும் சுலபமான வழியும் உண்டு. தையல் கேட்பவருக்குத் தனித்துணியில் தைத்துக் கொடுங்கள், சேலையைக் கத்தரி தொடாமல் விடுங்கள். என் அக்கா கடையில் இப்போது அப்படித்தான். தளத்தைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் தினமும் இந்த வழக்கு என் தலையில்தான் விழும்.

2025 செப்டம்பர் 3, சற்றுப் பின்

ஃபால்ஸ், ஓரத் தையல், முந்தானைக் குஞ்சம்? ஃபால்ஸ் வைத்த சேலையை யாரும் கட்டலாம், அடுத்தவருக்கு அப்படியே விற்கலாம். திரும்ப வாங்குவதே நல்லது. பெயர் எழுதிய குஞ்சம் கேட்டார் என்றால் அது முடிந்த கதை.

2025 செப்டம்பர் 5

"நான் கடையே வைக்கவில்லை, ஃபேஸ்புக் நேரலையில் காட்டுகிறேன், வாட்ஸ்அப்பில் எண் அனுப்புகிறார்கள், வங்கியில் பணம் போடுகிறார்கள், எனக்கு இந்த விதி இல்லை" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உண்டு, தம்பி. வியாபாரமாகத் தொடர்ந்து செய்து, நேரில் பார்க்காமல் ஒப்பந்தம் முடிகிறது என்றால் அது தொலைவழி விற்பனை. இணையதளம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு ஒரு படி கூடுதல் சிரமம்: எழுத்தில் தர வேண்டிய விவரங்களை நேரலையில் வாயால் சொன்னால் போதாது. யார் விற்கிறார்கள், முகவரி, மொத்த விலை, ரத்து எப்படி, மாதிரி ரத்துப் படிவம் எல்லாம் வாடிக்கையாளர் பின்னால் எடுத்துப் பார்க்கும்படி நிலையாக இருக்க வேண்டும். பணம் வாங்குமுன் பிடிஎஃப் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய சேலையை எப்போதாவது விற்பவருக்கு இவை எதுவும் இல்லை. வாரத்துக்கு நான்கு நேரலை போடுகிறவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

2025 செப்டம்பர் 6

செப்டம்பர் 3 குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். ஒரே ஆர்டரில் பல பொருள், வெவ்வேறு நாளில் வந்தால், கடைசிப் பொருள் கைக்கு வந்த நாளுக்குப் பிறகுதான் 14 நாள் ஓடும். சேலையை இங்கிருந்து உடனே அனுப்பிவிட்டு, பிளவுஸைச் சென்னைத் தையல்காரரிடமிருந்து மாதக் கடைசியில் வரவழைக்கிறவர்கள் கவனிக்க. பிளவுஸ் வரும்வரை சேலைக்கான கணக்கே தொடங்கவில்லை என்று வாடிக்கையாளர் சொல்லலாம். பிளவுஸுக்கே ரத்து உரிமை இல்லாதபோது அதை வைத்துச் சேலையின் நாளை நீட்டலாமா என்று எதிர்க்கேள்வி கேட்கலாம்தான். 90 பவுண்ட் சேலைக்காக அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நடத்த எனக்கு ஆசை இல்லை. சேர்த்து அனுப்புங்கள், அல்லது இரண்டு ஆர்டராக்குங்கள்.

2025 செப்டம்பர் 11

கட்டிய சேலை திரும்பி வருவதைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இதுதான் முதல் தலைவலி. சென்ற மாதம் ஒரு பார்சல் வந்தது. உறைகூடப் பழைய மடிப்பிலேயே இருந்தது. அக்கா மேசை விளக்கின் கீழ் விரித்தார். முந்தானை நுனியிலிருந்து ஒரு மீட்டர் அளவில், தோளில் மடித்துக் குத்தும் இடத்தில், நூல் விலகிய இரண்டு சிறு துளைகள். இன்னும் கொஞ்சம் தள்ளிச் சந்தனம் பட்ட மஞ்சள் நிழல். மூக்கருகே கொண்டுபோனால் சாம்பிராணி. மணமேடைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

சட்டம் இங்கே சொல்வது பலருக்குப் பிடிக்காது. கட்டியிருந்தாலும் ரத்து உரிமை போகாது. கடையில் எப்படிப் பிரித்து, தோளில் போட்டுப் பார்ப்பாரோ அதற்கு மேல் பயன்படுத்தியிருந்தால், அதனால் குறைந்த மதிப்பைத் திருப்பித் தரும் தொகையில் கழித்துக்கொள்ளலாம். அவ்வளவே. குறைவு அதிகமென்றால் முழு விலையும்கூட கழியலாம், ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். "பயன்படுத்தியதற்கு 50 விழுக்காடு பிடித்தம்" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி போடுவது நிற்காது. ரத்து உரிமையை முன்பே தெரிவிக்காதவர் கழிக்கவே முடியாது.

அதிகமாகப் பயன்படுத்திய பொருளைத் திரும்ப வாங்க வேண்டாம் என்று மாற்ற ஐரோப்பிய ஆணையம் 2018இல் ஒரு யோசனை வைத்தது. நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் ஏற்காமல் அது கைவிடப்பட்டது. பிரிட்டனில் அப்படி ஒன்று வரும் அறிகுறியும் இல்லை.

அனுப்புமுன் முந்தானையை விரித்து, வெளிச்சத்தின் எதிரே பிடித்து ஒரு படம் எடுத்து வைக்கிறோம். திரும்பி வந்ததும் அதே இடத்தில் இன்னொரு படம். இரண்டையும் அனுப்பி, ஜரிகைச் சேலைக்கு இவ்வளவு கழிக்கிறோம் என்று எழுதினால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிகிறது. இந்தப் பார்சலுக்கும் முடிந்தது.

2025 செப்டம்பர் 12

"பெரிய அட்டை ஒன்றைத் தோள்பக்கம் தைத்து, அட்டை இல்லாவிட்டால் வாங்கமாட்டோம் என்று போட்டால் என்ன?" அட்டை வையுங்கள், நல்ல யோசனை. "வாங்கமாட்டோம்" என்பதை மட்டும் விடுங்கள். அட்டை போயிருப்பது கட்டியதற்குச் சான்றாகும். உரிமையைப் பறிக்கும் அதிகாரம் அட்டைக்கு இல்லை.

முதலில் நானும் அட்டைக்கு எதிராகத்தான் இருந்தேன், பட்டில் ஊசி குத்த வேண்டுமே என்று. இப்போது ஓரத்து இழையில் நூலால் கட்டுகிறார்கள், துளை விழுவதில்லை. பரவாயில்லை என்று தோன்றுகிறது.

2025 செப்டம்பர் 28

பணம் பற்றி.

அவர் ரத்து செய்கிறேன் என்று தெளிவாகச் சொன்னால் போதும், படிவத்தில்தான் வர வேண்டும் என்று சொல்லக்கூடாது. சொன்ன நாளிலிருந்து பொருளை அனுப்ப அவருக்கு 14 நாள். பொருள் வந்த நாளிலோ, அனுப்பியதற்கான சான்றைக் காட்டிய நாளிலோ, எது முந்தியதோ அதிலிருந்து உங்களுக்கு 14 நாள். முதலில் அவரிடம் வாங்கிய சாதாரண தபால் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலேயே ஒரு ஜெர்மன் கடை வழக்கில் தீர்த்துவிட்டது. மறுநாளே வேண்டும் என்று கூடுதல் கட்டியிருந்தால் அந்தக் கூடுதலைத் தர வேண்டியதில்லை.

திருப்பி அனுப்பும் செலவு அவருடையது, நீங்கள் முன்பே சொல்லியிருந்தால். சொல்லாவிட்டால் உங்களுடையது. எங்கள் ஊர்க் கடைகளில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரே வரி இதுதான்.

வவுச்சர் கொடுத்து அனுப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அவராக ஒப்புக்கொண்டால் சரி. இல்லையென்றால் எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில் போக வேண்டும். "எங்கள் கொள்கை வவுச்சர்தான்" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

பெரிய கடை ஒன்றின் விதிமுறைப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்துப் போட்டவர்கள் இங்கே மூன்று நான்கு பேராவது இருப்பீர்கள். ஒருவர் அனுப்பிய சுட்டியில் "மெத்தைகள், குளிர்சாதனப் பெட்டிகள்" என்று இருக்கிறது. அவர் விற்பது பாவாடை தாவணி. அதே பக்கத்தில் "28 நாள் இலவசத் திருப்பல்" என்றும் இருக்கிறது. அந்த வாக்குறுதி இப்போது அவரையே கட்டும்.

2025 அக்டோபர் 9

தீபாவளி நெருங்குகிறது, எல்லாத் தளத்திலும் கடிகாரம் ஓடுகிறது. "இன்னும் 00:14:32, பிறகு விலை ஏறும்." பக்கத்தைப் புதுப்பித்தால் கடிகாரமும் புதிதாகத் தொடங்குகிறது.

உண்மையிலேயே மாறியது இங்கேதான். 2024ஆம் ஆண்டின் டிஜிட்டல் சந்தைகள், போட்டி, நுகர்வோர் சட்டத்தின் நுகர்வோர் பகுதி 2025 ஏப்ரல் 6 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இனி நீதிமன்றம் போகாமலே தானாக முடிவெடுத்து அபராதம் விதிக்கலாம். நிறுவனத்தின் உலகளாவிய வருவாயில் 10 விழுக்காடு வரை. பொய்க் கடிகாரம் முன்பும் தடைதான், முன்பு பல் இல்லை.

அதோடு இரண்டு புதிய தடைகள். ஒன்று, கட்டாயக் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் காட்டுவது. 45 பவுண்ட் என்று காட்டி, கடைசியில் "பொதியல் கட்டணம் 3 பவுண்ட்" என்று எல்லோரிடமும் வாங்கினால், விலை 48 என்றுதான் முதலிலேயே இருக்க வேண்டும். தபால் செலவையும் தேடி எடுக்கும் இடத்தில் ஒளிக்காதீர்கள். இன்னொன்று, பொய் விமர்சனம். அத்தையும் சித்தியும் சித்தியின் மகளும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பதைப் பார்த்தவுடனே தெரிகிறது, ஏனென்றால் மூவரும் ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார்கள். எழுதச் சொன்னவரும் மாட்டுவார், தளத்தில் வரும் பொய் விமர்சனங்களைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காதவரும் மாட்டுவார்.

மாதச் சந்தா முறையில் மசாலாப் பெட்டி அனுப்புகிறவர்களுக்கு இதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது: நினைவூட்டல் அனுப்புவது, எளிதாக வெளியேற விடுவது. அது இன்னும் நடப்புக்கு வரவில்லை. தளத்தை மாற்றி எழுதும்போது அதற்கும் இடம் விட்டு எழுதுங்கள்.

2025 அக்டோபர் 26

தோடு. காதில் குத்திப் பார்த்ததைத் திரும்ப வாங்குவதா என்று அருவருப்போடு கேட்கிறீர்கள். முத்திரையிட்ட பொருள், உடல்நல அல்லது சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்கத் தகாதது, முத்திரையை அவர் உடைத்துவிட்டார்: இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்து உரிமை போகும். அதாவது முத்திரை இருக்க வேண்டும். மென்தாள் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு அனுப்பிவிட்டுச் சுகாதாரம் பேச முடியாது. கிழித்தால் தெரியும் ஒட்டுப்பை, அதன்மேல் "பிரித்தால் திரும்பப் பெற இயலாது", அதே வாசகம் பொருள் பக்கத்திலும்.

இந்த விலக்கை வளையல், ஒட்டியாணம், பிளவுஸ் என்று இழுக்காதீர்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் மெத்தைக்கே இது பொருந்தாது என்றது: உறையைக் கிழித்த மெத்தையையும் துணிமணியைப் போலச் சுத்தம் செய்து மறுபடி விற்கலாம் என்று. துணிமணி திரும்பி வரும் என்பதை எடுத்துக்காட்டாகவே வைத்துப் பேசிய தீர்ப்பு. பிரெக்ஸிட்டுக்கு முந்தியது என்பதால் இங்கும் அதை வைத்து வாதாடலாம்.

பலகாரம்: பால்கோவா போலச் சீக்கிரம் கெடுவது விலக்கு. ஆறு மாதம் தாங்கும் மிளகாய்த்தூள் அந்த வரிசையில் வராது. முத்திரை உடைந்திருந்தால் மேலே சொன்ன வழி. முறுக்கு? நொறுங்கி வந்ததற்கு ரத்து விதியைத் தேட வேண்டாம், அது குறைபாடு.

குறைபாடு என்றதும் செப்டம்பர் 3 குறிப்பில் சேர்க்க வேண்டியது ஒன்று. அளவுத் தையலுக்கு ரத்து இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, கை நீளம் 10 அங்குலம் கேட்டவருக்கு 8 அங்குலம் தைத்து அனுப்பிவிட்டு "திரும்பப் பெற இயலாது" என்று பதில் போடுகிறார்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தனியாக நிற்கிறது. சொன்னபடி இல்லாத பொருளை முதல் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம், தைத்ததாக இருந்தாலும். அளவு எழுதிய சீட்டைப் படமெடுத்து ஆர்டரோடு வைத்திருங்கள். தவறு அளவு கொடுத்தவருடையதா தைத்தவருடையதா என்பது அந்தச் சீட்டில்தான் தெரியும்.

2025 நவம்பர் 20

அக்டோபர் 9 குறிப்பைப் படித்து "சும்மா பயமுறுத்துகிறார்" என்று எழுதியவருக்கு: ஆணையம் இந்த வாரம் புதிய அதிகாரத்தின்கீழ் எட்டு நிறுவனங்கள் மீது விசாரணை தொடங்கியிருக்கிறது. மறைத்து வைத்த கட்டணமும் அவசரப்படுத்தும் விற்பனையும்தான் காரணம். எட்டும் பெரியவை. நம்மைப் போன்றோரைத் தேடி ஆணையம் வராது, ஒப்புக்கொள்கிறேன். நம் வாசலுக்கு வருவது உள்ளூராட்சியின் வணிகத் தர அலுவலகம், அதுவும் யாராவது புகார் கொடுத்தால். அதைவிட அடிக்கடி வருவது வாடிக்கையாளர் தம் கார்டு வங்கி வழியாகப் பணத்தை இழுத்துக்கொள்வது. விதிமுறைப் பக்கம் சரியாக இல்லாத கடையால் வங்கிக்குக் காட்ட எதுவும் இருக்காது.

2025 டிசம்பர் 7

பாரிஸ், டோர்ட்மண்ட், ஆர்ஹஸ் உறவுக்காரர்களுக்கும் விற்கிறோம், அங்கே என்ன என்று கேட்டவர்களுக்கு.

யூரோவில் விலை போட்டு அந்த நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று அறிவித்தால், அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு உங்களைத் தொடர்ந்து வரும். 14 நாள் அங்கும் அதேதான். வேறுபடுவது மற்றவை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2024 டிசம்பர் 13 முதல் நடக்கிறது, வடக்கு அயர்லாந்துக்கும் சேர்த்து. உணவுக்கு இது இல்லை. சேலைக்கும் நகைக்கும் உண்டு. தயாரித்தவர் பெயர், தபால் முகவரி, மின்னஞ்சல் பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் ஒன்றியத்துக்கு வெளியே என்றால் உள்ளே ஒரு பொறுப்பாளர் பெயரும் வேண்டும். காஞ்சிபுரத்தில் மொத்த வியாபாரியிடம் வாங்கிய சேலைக்கு நெசவாளரின் மின்னஞ்சலுக்கு எங்கே போவது? சங்கத்தின் விவரம் வாங்கினோம், சிலவற்றுக்குக் கிடைத்தது. கிடைக்காதவற்றை பெல்ஃபாஸ்ட்டுக்கும் ஒன்றியத்துக்கும் மூடிவிட்டோம். அக்காவுக்கு அதில் கோபம் இன்னும் ஆறவில்லை. பெல்ஃபாஸ்ட்டில் அவருடைய நல்ல வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார்.

தள்ளுபடி: 2022 மே 28 முதல், தள்ளுபடிக்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் ஒன்றியத்தில் காட்ட வேண்டும். சதவீதத்தையும் அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. திங்கள் விலை ஏற்றி, வெள்ளி இறக்கி, "40% தள்ளுபடி" போடும் வித்தை அங்கே எடுபடாது.

உங்கள் பக்கத்தின் அடியில் ஐரோப்பிய இணையத் தகராறுத் தளத்துக்கு இன்னும் சுட்டி இருந்தால் நீக்குங்கள். அந்தத் தளமே 2025 ஜூலை 20இல் மூடப்பட்டுவிட்டது. வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய காலம் போய், இப்போது வைத்திருப்பது தவறான தகவல்.

2025 டிசம்பர் 8

ஜெர்மனிக்கு அனுப்புகிறவர்கள்: அங்கே அரசு அலுவலகம் வருமுன் போட்டிக் கடையின் வக்கீல் கடிதம் வரும், கட்டணச் சீட்டோடு. பொதியல் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்கும் வரும். அட்டைப்பெட்டியில் சரக்கு அனுப்பும் எல்லோருக்கும் 2019 ஜனவரி முதல் அந்தப் பதிவு கட்டாயம்.

2026 ஜனவரி 18

பொங்கல் ஆர்டர் ஓய்ந்தது, பாக்கிக் கேள்விக்கு வருகிறேன். "ரத்து பொத்தான்" என்று எல்லோரும் பேசுவது 2026 ஜூன் 19 முதல் ஒன்றியத்தில் வருவது. இணையத்தில் ஒப்பந்தம் செய்ய வைத்த கடை, இணையத்திலேயே விலகவும் வழி வைக்க வேண்டும். ரத்துக் காலம் முழுக்கக் கண்ணில் படும்படி, "ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்" என்ற பொருளில் தெளிவான சொற்களோடு. அழுத்தினால் பெயர், ஆர்டர் எண், எங்கே உறுதிப்பதில் அனுப்புவது என்று கேட்கலாம். பிறகு உறுதி செய்யும் இரண்டாவது பொத்தான். அழுத்திய நாளும் நேரமும் குறித்த பதில் உடனே போக வேண்டும். ஏன் விலகுகிறீர்கள் என்று கட்டாயக் கேள்வி வைக்க வேண்டாம்.

பிரிட்டனுக்கு இது இல்லை. இருந்தாலும் நான் எல்லா நாட்டுக்கும் ஒன்றாகவே வைக்கப் போகிறேன். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் "அக்கா இந்தக் கலர் வேண்டாம்" என்று வரும் குரல்பதிவைத் தேதி பார்த்துத் தேடும் வேலை மிச்சமாகும்.

எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. ஆர்டர் பக்கத்தில் உள்நுழைந்தவருக்கு மட்டும் என்றால், கணக்குத் திறக்காமல் வாங்கியவர் எங்கே போவார்? அதனால் பக்கத்தின் அடியிலும், ஆர்டர் உறுதி மின்னஞ்சலிலும் இரண்டு இடத்தில். அளவுத் தையல் மட்டும் உள்ள ஆர்டர் என்றால் பொத்தானை மறைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். சேலையும் தையலும் கலந்த ஆர்டரில் குழப்பம் வரும். காட்டிவிட்டு, எந்தப் பொருளுக்கு என்று தேர்ந்தெடுக்க வைத்து, தையலுக்கு எதிரே ஏன் முடியாது என்று ஒரு வரி போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

2026 ஜனவரி 19

முதல் கேள்வி கேட்ட அக்கா என்ன ஆனார் என்று கேட்கிறார்கள். சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டாராம். ரத்து உரிமையைத் தளத்தில் எங்கும் சொல்லாமல் இருந்தவருக்கு அதுவே மலிவான வழி. பிளவுஸ் பணத்தை அந்த வாடிக்கையாளர் கேட்கவில்லை. சேலையைப் பிளவுஸ் துணி இல்லை என்று எழுதி நேரலையில் போட்டிருக்கிறார், பத்து நிமிடத்தில் போய்விட்டது. இனி நான் செப்டம்பர் 3இல் "அடுத்தவர் முழு விலைக்கு வாங்க மாட்டார்" என்று எழுதியதை யாரும் எடுத்துக் காட்ட வேண்டாம். 15 பவுண்ட் குறைத்துத்தான் விற்றிருக்கிறார், கேட்டுவிட்டேன்.